நட்சத்திரங்கள் சண்டை போட்டபோது பாராக் எங்கே போனான்? எபிரேயப் போர்ப்பாடல்களைப் படிக்க ஒரு வழி

வேதாகமத்தின் நியாயாதிபதிகள் புத்தகத்தில் நாலாம் அதிகாரத்தையும் ஐந்தாம் அதிகாரத்தையும் ஒரே மூச்சில் வாசித்தவர்களுக்கு ஒரு சின்னக் குழப்பம் வந்திருக்கும். நாலில் இஸ்ரவேலருக்கும் கானானியப் படைத்தலைவன் சிசெராவுக்கும் ஒரு போர் நடக்கிறது, ஐந்தில் அதே போர் தெபொராள் என்ற தீர்க்கதரிசினியின் பாட்டாக வருகிறது, ஆனால் நாலில் ஒரு சொட்டு மழை இல்லை, ஐந்தில் வானம் சொட்டுகிறது, மேகம் தண்ணீர் பொழிகிறது, ஆறு ஆட்களை அடித்துக்கொண்டு போகிறது. நாலில் இஸ்ரவேலின் படைத்தலைவன் பாராக் பத்தாயிரம் பேரோடு தாபோர் மலையிலிருந்து இறங்குகிறான். ஐந்தில் அவன் பெயர் வருகிறதுதான், ஆனால் சண்டை நடக்கும் வரிகளில் ஆளையே காணோம். இரண்டில் எது நிஜம் என்று கேட்டு அங்கேயே சிக்கிக்கொள்கிறவர்கள் நிறைய. அந்தக் கேள்வி தப்பில்லை, ஆனால் முதல் கேள்வியாக அதைக் கேட்டால் பாட்டு வாயைத் திறக்காது. முதலில் கேட்க வேண்டியது இதுதான்: இந்த வரியில் வினையைச் செய்வது யார்? இதை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டு போனால், கடவுள் போருக்குள் எந்த வாசல் வழியாக நுழைகிறார் என்பது ஒவ்வொரு பாட்டிலும் தானாகத் தெரிந்துவிடும்.

தொடங்குமுன் கையில் என்ன இருக்க வேண்டும்? இரண்டு தமிழ் மொழிபெயர்ப்புகள் இருந்தால் நல்லது. பழைய மொழிபெயர்ப்பு பாட்டையும் உரைநடை மாதிரியே வசனம் வசனமாக அச்சிட்டிருக்கும், திருவிவிலியத்தில் பாட்டு அடி அடியாக உடைந்து நிற்கும். எது உரைநடை, எது பாட்டு என்று கண்ணால் பிரித்துப் பார்க்க இரண்டாவது உதவும். புத்தகப் பெயர்கள் மாறும் என்பதால் குழம்ப வேண்டாம்: நியாயாதிபதிகள் அங்கே நீதித் தலைவர்கள், யாத்திராகமம் அங்கே விடுதலைப் பயணம். எபிரேய மூலத்தைச் சொல்லுக்குச் சொல் காட்டும் இலவசத் தளங்கள் இருக்கின்றன. எழுத்து தெரியாவிட்டாலும் பரவாயில்லை, ஒரே சொல் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பார்க்கத்தான் அது. சங்கீதங்களில் மட்டும் ஒரு எச்சரிக்கை: எபிரேயத்தில் தலைப்பையும் வசனமாக எண்ணுவதால் பல சங்கீதங்களில் எண் ஒன்று தள்ளிப்போகும். இங்கே நான் தருவது தமிழ் வேதாகம எண்கள்.

சரி, நியாயாதிபதிகள் 5ஐத் திறந்து 19 முதல் 22 வரை உள்ள நாலு வசனத்தை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு வினைக்கும் பக்கத்தில் அதைச் செய்தது யார் என்று குறியுங்கள். ராஜாக்கள் வந்தார்கள், போரிட்டார்கள். கானானின் ராஜாக்கள் போரிட்டார்கள், மெகிதோவின் தண்ணீர் அருகே தானாக்கில். வெள்ளி எதுவும் கொள்ளையாகக் கிடைக்கவில்லை. வானத்திலிருந்து போரிட்டார்கள். நட்சத்திரங்கள் தங்கள் பாதைகளிலிருந்து சிசெராவோடு போரிட்டன. கீசோன் ஆறு அவர்களை வாரிக்கொண்டு போயிற்று. குதிரைக் குளம்புகள் இடித்தன.

இப்போது தாளைப் பாருங்கள். இஸ்ரவேலர் ஒருவர்கூட அதில் இல்லை. 'போரிட்டார்கள்' என்பதற்கு மூலத்தில் வரும் சொல் நில்ஹமு. இரண்டு வசனத்தில் அது நாலு தடவை வருகிறது, முதல் இரண்டு தடவை ராஜாக்களுக்கு, அடுத்த இரண்டு தடவை வானத்துக்கும் நட்சத்திரங்களுக்கும். ராஜாக்கள் யாரோடு மோத வந்தார்களோ அந்த ஆட்கள் நிற்க வேண்டிய இடத்தில் பாட்டு வானத்தைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டது. கடவுளின் பெயரும் இந்த நாலு வசனத்தில் கிடையாது. 'கடவுள் உதவினார்' என்று ஒரு வரி எழுதியிருந்தால் கவிஞருக்கு வேலை முடிந்திருக்கும். அவர் அதை எழுதாமல் ஒரே வினையை எதிரியின் கையிலிருந்து பிடுங்கி மேலே கொடுத்துவிட்டார், இந்தப் பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

நட்சத்திரம் ஏன்? சோதிடம் என்று நினைக்க வேண்டாம். சிரியாவின் கடலோரத்தில் ராஸ் ஷம்ரா என்ற மேட்டில் 1929 முதல் தோண்டியெடுத்த உகரித் களிமண் பலகைகளில், அனாத் என்ற பெண்தெய்வம் போர் முடிந்து கைகழுவும் இடம் ஒன்று உண்டு. வானம் பொழியும் பனி, நட்சத்திரங்கள் பொழியும் தூறல் என்று அந்தத் தண்ணீரை அங்கே வருணிக்கிறார்கள். அந்தப் பக்கத்துக் கவிதை மரபில் நட்சத்திரத்துக்கும் மழைக்கும் உறவு இருந்திருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு 20ஐயும் 21ஐயும் சேர்த்து வாசித்தால், மேலே நட்சத்திரங்கள் போரிட்டவுடனே கீழே ஆறு ஏன் பொங்குகிறது என்பதற்குத் தனியாக விளக்கம் தேவைப்படாது.

ஆறு என்றேன், மூலத்தில் நஹல். மழை பெய்தால் சீறும், மற்ற நாளில் மெலிந்தோ காய்ந்தோ கிடக்கும் ஓடைக்கு அந்தப் பெயர். ஒரே வசனத்தில் அந்தச் சொல்லை மூன்று முறை வைக்கிறார்: நஹல் கீசோன், பழைய நஹல், நஹல் கீசோன். அலை மேல் அலை வருகிற மாதிரி. அடுத்த வசனத்தில் குதிரைகள், அங்கே தஹரோத் தஹரோத் என்று ஒரு சொல் இரட்டிக்கிறது, வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், குளம்புச் சத்தம் கேட்கும். சிசெராவிடம் 900 இரும்பு ரதங்கள் இருந்தன என்பது நாலாம் அதிகாரம் தரும் கணக்கு. பாட்டில் அந்த எண் இல்லை, சிசெராவின் எஜமானாகிய ராஜா யாபீனின் பெயரும் இல்லை. கீசோன் ஓடும் யெஸ்ரயேல் சமவெளி ரதங்களுக்கென்றே விரித்துப்போட்ட மாதிரி தட்டையான நிலம், ஆனால் நனைந்தால் அதே மண் சேறு. எதிரியின் பலம் எந்தத் தரையில் நிற்கிறதோ அந்தத் தரையே எதிரிக்கு எமன் ஆகிறது.

இதோடு நிறுத்திவிடாமல் பின்னால் போய் 4, 5ஆம் வசனங்களைப் பாருங்கள். மழை அங்கேயே தொடங்கிவிட்டது. கர்த்தர் சேயீரிலிருந்து புறப்படுகிறார், ஏதோமின் வெளியிலிருந்து நடந்துவருகிறார், பூமி அதிர்கிறது, வானம் சொட்டுகிறது, மலைகள் கரைகின்றன. எல்லாம் தெற்கு. போர் நடப்பதோ வடக்கே. அந்தத் தூரத்தை நடந்து வருகிறார் என்பதுதான் படம். உபாகமம் 33:2, ஆபகூக் 3:3, சங்கீதம் 68:7-8 மூன்றிலும் இந்தத் தெற்கு நடை வருகிறது, 68இல் கிட்டத்தட்ட இதே வரிகள். எந்தப் போர்ப்பாட்டை எடுத்தாலும் சீனாய், பாரான், தேமான், சேயீர் மாதிரி ஒரு தெற்குப் பெயர் தென்படுகிறதா என்று தேடுங்கள். தென்பட்டால் கடவுள் கிளம்பிவிட்டார் என்று அர்த்தம்.

அப்புறம் 23ஆம் வசனம். மேரோஸ் என்ற ஊரைச் சபிக்கச் சொல்கிறார் கர்த்தரின் தூதர். அந்த ஊர் செய்த குற்றம், கர்த்தருக்கு உதவியாக வராதது. திரும்ப வாசியுங்கள். கடவுள் மனிதருக்கு உதவ வந்தார் என்பதுதான் நாம் எதிர்பார்க்கும் வாக்கியம், இங்கே மனிதர்கள் கடவுளுக்கு உதவ வந்திருக்க வேண்டும் என்கிறது பாட்டு. இதற்கு முன்னாலேயே வந்த கோத்திரங்கள், வராத கோத்திரங்கள் என்று வருகைப் பதிவேடு மாதிரி ஒன்று வாசிக்கப்பட்டிருக்கிறது. செபுலோனும் நப்தலியும் உயிரைத் துச்சமாக மதித்தார்கள், ரூபன் ஆட்டு மந்தை நடுவே உட்கார்ந்து யோசித்துக்கொண்டே இருந்துவிட்டான், தாண் கப்பல் பக்கமும் ஆசேர் கடற்கரையிலும் தங்கிவிட்டார்கள். ஆக, மனிதர் வந்தே ஆக வேண்டும், ஆனால் வந்தவர்கள் சண்டை போட்டதாக ஒரு வரி கிடையாது. இந்த இரண்டையும் ஒன்றாக வைத்திருப்பதுதான் இந்தப் பாட்டின் நிலைப்பாடு. இதில் ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு பேசுகிறவர்கள் பாட்டை முழுக்க வாசிக்கவில்லை என்று நான் முடிவுகட்டிவிடுவேன்.

24இல் யாகேல் என்ற பெண் வருகிறாள். தண்ணீர் கேட்ட சிசெராவுக்குப் பால் கொடுத்து, கூடார முளையால் தலையை உடைக்கிறாள். அவன் அவள் காலடியில் மடங்குகிறான், விழுகிறான், கிடக்கிறான். மடங்குதலும் விழுதலும் ஒரே வசனத்தில் மும்மூன்று முறை வருவதால் அந்த விழுகை முடியவே மாட்டேன் என்கிறது. அடுத்து சிசெராவின் தாய் ஜன்னலோரம் நின்று ரதம் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்கிறாள், பக்கத்திலுள்ள பெண்கள் கொள்ளையைப் பங்கிடுகிறார்கள் போலும், ஆளுக்கு ஒன்றிரண்டு பெண்கள் கிடைத்திருப்பார்கள் என்று சமாதானம் சொல்கிறார்கள். (மூலத்தில் 'பெண்கள்'கூட இல்லை, 'கருப்பை' என்றுதான் இருக்கிறது. மொழிபெயர்ப்புகள் இதை மென்மையாக்கிவிடும்.) 24 முதல் 30 வரை கடவுளின் பெயர் ஒரு தடவைகூட வரவில்லை. நாலாம் அதிகாரத்தில் தெபொராள், கர்த்தர் சிசெராவை ஒரு பெண்ணின் கையில் விற்றுப்போடுவார் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறாள். பாட்டு அதைச் சொல்லாமல் விட்டுவிட்டது. வானமும் ஆறும் போரிட்ட வரிகளிலும், கூடாரத்துக்குள் நடந்த கொலையிலும் கடவுளின் பெயர் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். குறுக்கீடு எங்கே உச்சத்தில் இருக்கிறதோ அங்கே பெயரைத் தேடாதீர்கள், வினையைத் தேடுங்கள்.

இனி உரைநடைக்கு வரலாம். நாலாம் அதிகாரம் அதே தருணத்தை ஒரே சொல்லில் முடிக்கிறது: கர்த்தர் சிசெராவைக் கலங்கடித்தார். மூலச்சொல் ஹமம், படை பதறிச் சிதறும்படி செய்வது. இந்தச் சொல்லை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் யாத்திராகமம் 14:24இல் எகிப்தியருக்கும், யோசுவா 10:10இல் கிபியோன் போரிலும், 1 சாமுவேல் 7:10இல் இடி முழங்கும்போது பெலிஸ்தருக்கும் இதேதான் நடக்கிறது. உரைநடைக்காரர்களுக்கு இது ஒரு வாய்பாடு. பாட்டு அந்த வாய்பாட்டை உடைத்து உள்ளே இருப்பதைக் காட்டுகிறது.

இதே முறையை, எகிப்திலிருந்து தப்பிய இஸ்ரவேலர் கடலைக் கடந்தபின் பாடும் யாத்திராகமம் 15இல் போட்டுப் பாருங்கள். இதையும் தெபொராளின் பாட்டையும் எபிரேய வேதத்தின் மிகப் பழைய பகுதிகளில் சேர்க்கிற அறிஞர்கள் பலர், தேதியில் மட்டும் ஒருமித்த கருத்து கிடையாது. தோராச் சுருள்களில் (மோசேயின் ஐந்து புத்தகங்களை யூதர்கள் கையால் எழுதும் சுருள்கள்) இந்தக் கடல்பாட்டைச் செங்கல் அடுக்கின மாதிரி இடம் விட்டு விட்டு எழுதுவார்கள், சுருளை விரித்தவுடனே தெரியும். பதினாலாம் அதிகாரத்தில் மோசே கையை நீட்டுகிறான், இரவு முழுக்க கீழ்க்காற்று அடிக்கிறது, மேகத்தூண் நிற்கிறது, இஸ்ரவேலர் காய்ந்த தரையில் நடக்கிறார்கள். பாட்டின் 18 வசனங்களில் மோசேயின் கையும் கோலும் இல்லை, மேகத்தூண் இல்லை, காய்ந்த தரையில் நடந்த நடையும் இல்லை. அந்த நடை 19இல் உரைநடை திரும்பியபிறகுதான் வருகிறது.

9ஆம் வசனத்தில் எதிரி பேசுகிறான். அமர் ஓயேவ், எர்தோஃப், அஸ்ஸீக், அஹல்லேக்: எதிரி சொன்னான், துரத்துவேன், பிடிப்பேன், பங்கிடுவேன். ஐந்து சொல்லும் எபிரேயத்தின் ஆலெஃப் எழுத்தில் தொடங்குகின்றன, நம் மோனை மாதிரி. கொள்ளையைப் பங்கிடுவேன் என்கிறான் பாருங்கள், சிசெராவின் தாய்க்கு அந்தப் பெண்கள் சொன்ன சமாதானத்திலும் அதே இரண்டு சொற்கள்தான். எதிரி வாயால் கொள்ளைக் கணக்கு வந்துவிட்டால் அவன் கதை முடிந்தது, இது இந்தப் பாடல்களின் உத்தி. எதிரியின் பேச்சுக்கு மூலத்தில் பத்துச் சொல். பதிலுக்கு நாலே சொல்: ஊதினீர், உம் மூச்சால், மூடிற்று, கடல். ஈயம் மாதிரி முங்கிப்போனார்கள். இரவு முழுக்க அடித்த காற்று இங்கே ஒரு மூச்சாகச் சுருங்கிவிட்டது. இதைப் பார்த்துவிட்டு, காற்று எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் அடித்திருந்தால் கடல் விலகும் என்று கணக்குப் போடக் கிளம்புகிறவர்களை என்ன செய்வது? கணக்கு வேண்டுமானால் பதினாலாம் அதிகாரத்தோடு போய்ப் போடட்டும், பாட்டை விட்டுவிடலாம்.

யோசுவா 10 அந்த வகையில் எல்லாவற்றையும்விட அதிகம் அடிபட்ட பாட்டு. சூரியனை நிறுத்திய கதை. பாட்டு அங்கே ரொம்பச் சின்னது: சூரியனே கிபியோனில் நில், சந்திரனே ஆயலோன் பள்ளத்தாக்கில். சூரியன் நின்றது, சந்திரனும் நின்றது, ஜனம் தன் எதிரிகளிடம் பழி தீர்க்கும் வரை. அவ்வளவுதான். இது யாசேரின் புத்தகத்தில் இருக்கிறது என்று எழுத்தாளரே சொல்லிவிடுகிறார், அதாவது வேறிடத்திலிருந்து எடுத்த மேற்கோள் (சவுலுக்காகவும் யோனத்தானுக்காகவும் தாவீது பாடிய புலம்பலும் அதே புத்தகத்தில் இருந்தது, 2 சாமுவேல் 1:18). மேற்கோள் முடிந்தபின் உரைநடை தன் சொந்தக் குரலில், சூரியன் நடுவானத்தில் நின்றது, ஏறக்குறைய ஒரு பகல் முழுக்க மறையவில்லை என்று விளக்குகிறது.

இங்கே ஒரு வரைபடத்தை எடுங்கள். கிபியோன் கிழக்கே, ஆயலோன் மேற்கே. இரண்டுக்கும் நடுவே நிற்பவனுக்குச் சூரியன் கிழக்கிலும் சந்திரன் மேற்கிலும் இருந்தால் அது காலை வேளை. இஸ்ரவேலின் தலைவன் யோசுவா கில்காலிலிருந்து இரவெல்லாம் நடந்து வந்தான் என்று 9ஆம் வசனம் சொல்வதோடும் இது பொருந்துகிறது. பாட்டின் காலையும் உரைநடையின் நடுவானமும் ஒட்டவில்லை, ஒட்டவைக்க வேண்டிய கட்டாயமும் நமக்கில்லை. நில் என்பதற்கு வரும் சொல் தோம். அதற்கு அசையாதே என்றும் பொருள், வாயை மூடு என்றும் பொருள். கடல்பாட்டின் 16ஆம் வசனத்தில் ஜனங்கள் கல்லைப்போல அடங்கிப்போவார்கள் என்னும் இடத்தில் வருவதும் இதே வேர்தான். அங்கே மனிதர்கள் திகைத்து வாயடைத்தது போலவே இங்கே சூரியனும் சந்திரனும். ஆபகூக் 3:11லும் அம்புகளின் வெளிச்சத்தில் சூரியனும் சந்திரனும் தம் இடத்தில் நின்றுவிடுகின்றன. உரைநடையில் அந்த நாளில் ஆட்களைக் கொன்றது பெரும்பாலும் ஆலங்கட்டி. பெத்தொரோன் இறக்கத்தில் பட்டயத்தால் செத்தவர்களைவிடக் கல்மழையால் செத்தவர்கள் அதிகம் என்கிறது. அந்த வசனத்தை யாரும் கவனிப்பதில்லை, எல்லாருக்கும் சூரியன்தான் வேண்டும்.

சங்கீதம் 18க்கு இரட்டைப் பிரதி உண்டு, 2 சாமுவேல் 22. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிப்பது நல்ல பயிற்சி. கடவுள் வானத்தை வளைத்து இறங்குகிறார், கேருப் என்ற சிறகுள்ள வானுயிரின் மேல் ஏறிப் பறக்கிறார், காற்றின் செட்டைகளின் மேல்... இங்கே சங்கீதத்தில் 'பாய்ந்து வந்தார்', சாமுவேலில் 'காணப்பட்டார்'. வித்தியாசம் ஒரே எழுத்து. எபிரேய தாலெத்தும் ரேஷும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஒரு மூலையில் கொஞ்சம் நீண்டால் அது இதுவாகிவிடும். படியெடுத்தவரின் கண் ஒரு கணம் தடுமாறியதில் கடவுள் பாய்கிறாரா தெரிகிறாரா என்பது மாறிவிட்டது. பாய்வதுதான் பறவைக்குப் பொருத்தம் என்பது என் கட்சி.

இந்தச் சங்கீதத்தில் வினைகளை எழுதினால் ஏறக்குறைய நடுவில் ஒரு திருப்பம் தெரியும். முதல் பாதியில் பெரும்பாலும் கடவுள் செய்கிறார், பாடுகிறவன் தண்ணீரில் மூழ்குகிறவன், தூக்கிவிடப்படுகிறவன். 29க்கு மேல் வினைகள் அவன் கைக்கு வருகின்றன: படைக்குள் பாய்கிறேன், மதிலைத் தாண்டுகிறேன், வெண்கல வில்லை வளைக்கிறேன். 37இல் வருவதைப் பாருங்கள்: என் எதிரிகளைத் துரத்தினேன், பிடித்தேன். எர்தோஃப், அஸ்ஸீக். பார்வோனின் வீரன் கடலுக்குள் போகுமுன் சொன்ன அதே இரண்டு வினைகள். அவன் வாயில் வீம்பாக இருந்து முங்கிப்போனது இங்கே கை பழக்கிவிடப்பட்டவன் வாயில் நடந்தேறுகிறது. இரண்டு பாட்டையும் அடுத்தடுத்து வாசிக்காதவருக்கு இது கண்ணில் படாது.

ஆபகூக் 3ஐக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், கடினம். கொள்ளைநோய் முன்னால் நடக்கிறது, ரெஷெஃப் பின்னால் வருகிறது. அந்த ரெஷெஃப் கானானியரிடம் தனித் தெய்வம், இங்கே அடியாள். 9ஆம் வசனத்தின் மூலம் சிதைந்து கிடப்பதால் மொழிபெயர்ப்புக்கு மொழிபெயர்ப்பு அடியோடு மாறும், அதில் மண்டையை உடைத்துக்கொள்ளாமல் தாண்டிப் போகலாம். கவனிக்க வேண்டியது 8: நதிகள் மேலா உமக்குக் கோபம், கடல் மேலா? மற்ற பாடல்களில் தண்ணீர் கடவுளின் ஆயுதம், இங்கே தண்ணீர்தான் எதிராளியோ என்று பாடுகிறவருக்கே சந்தேகம். இத்தனையும் பார்த்தபின் அவர் உடனே கொண்டாடுவதில்லை. வயிறு குழைகிறது, உதடு துடிக்கிறது என்கிறார்.

இவ்வளவும் பழகிவிட்டதென்றால் சங்கீதம் 44ஐ எடுங்கள், ஏனென்றால் தோற்றுப்போன படையின் பாட்டு அது. முதல் சில வசனங்கள் பழைய பாடல்களின் சாரம் மாதிரி இருக்கும்: எங்கள் முன்னோர் தங்கள் பட்டயத்தால் இந்த நாட்டைப் பிடிக்கவில்லை, உம் வலது கைதான் என்று. பிறகு 9: எங்கள் சேனைகளோடு நீர் புறப்பட்டு வருவதில்லை. புறப்படுதல் என்பதற்கு மூலத்தில் யாத்சா. நியாயாதிபதிகள் 5:4இல் சேயீரிலிருந்து கடவுள் கிளம்பிய வினை அதுதான். பாராக்கைப் பார்த்து, கர்த்தர் உனக்கு முன்னே புறப்பட்டுப் போய்விட்டாரே, எழுந்திரு என்று தெபொராள் சொன்னதும் அதே வினையில்தான். இங்கே அதற்கு முன்னால் ஒரு 'இல்லை' சேர்ந்திருக்கிறது. 23இல் தூங்குகிறீரா, எழுந்திரும் என்று கத்துகிறார்கள். அன்று பாராக்கை எழுப்பினாள் தெபொராள், இங்கே எழுப்பப்பட வேண்டியவர் கடவுள். 24 முதல் 26 வரை உள்ள வினைகளையும் அதே தாளில் எழுதி, ஒவ்வொன்றையும் செய்பவர் யார் என்று நீங்களே குறித்துப் பாருங்கள்.